நான் கட்டிய குளங்களும் மாமனார் பார்த்த பூவும்

குடிக்கிற தண்ணீருக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஜில்லாவில், தாமரைக்கும் அல்லிக்கும் கோரைக்கும் தண்ணீர் நிறுத்திக் கொடுப்பதுதான் என் தொழில். வீட்டுக் கொல்லையில் குழி வெட்டி, அடியில் களிமண் அப்பி, ஏரியில் வளர்கிற செடிகளை அதில் வளர வைத்துக் கொடுப்பேன். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் இதை ஒழுங்காகச் செய்கிறவன் நான் ஒருவன்தான். ஒழுங்கில்லாமல் செய்கிறவனும் நான் ஒருவன்தான். வேறு யாருக்கும் இந்தப் புத்தி வரவில்லை.

சொந்தத் தொழில் வைத்துக்கொண்டு வாடிக்கைக்காரர்களிடம் விழிபிதுங்குகிற அன்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். என் தொழில் எப்படித் துவங்கியது என்று யாராவது கேட்டால் நான் எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்லுவேன்: நெருக்கடியான ஒரு காலையில் என் முதல் குளத்தில் ஒரே ஒரு பூ பூத்தது, அதனால் என் குடும்பமும் பிழைத்தது, தொழிலும் பிழைத்தது. கேட்டவர்கள் 'ஆகா' என்பார்கள். ஆனால் அந்தக் கதையை நானே பல வருஷங்களாக நம்பவில்லை. அது பூத்ததை நான் பார்க்கவில்லை. பூத்தது என்று எனக்குச் சொன்னவள் என் மனைவி அலமேலு.

காக்காய் வியாபாரம்

அப்போது நான் ஒரு ஆபீசில் படம் வரைகிறவனாக இருந்தேன். கிணறு, மதகு, ஏரிக்கரை என்று நாள் முழுக்கக் கோடு போடுகிற வேலை. ஒரு தடவை ஏற்காட்டு மலைக்குப் போன இடத்தில், ஒரு துரை தன் பங்களாவில் தொட்டி கட்டி, கப்பலில் வரவழைத்த அல்லியை அதில் வைத்துக் குளிரில் நடுங்க விட்டிருப்பதைப் பார்த்தேன். மாடு மிதித்தாலும் சாகாத நம் ஏரி அல்லிக்கு என்ன குறைச்சல் என்று தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். மலையிறங்கிய கையோடு வேலையை விட்டேன். மலைப்பாதை துவங்குகிற கொண்டப்பநாயக்கன்பட்டியில் கொல்லை பெரிதாக இருந்த ஒரு வீட்டைப் பிடித்தேன். மாதிரிக்கு ஒரு குளம் கட்டிப் பூக்க வைத்துவிட்டால், சேலத்துப் பணக்காரர்கள் வரிசையில் வந்து நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

மாமனார் கெங்கவல்லியில் நிலபுலன் உள்ளவர். விஷயம் காதில் விழுந்ததும் பஸ் ஏறி வந்தார். நான் வரைந்து வைத்திருந்த குளத்துப் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பார்த்து முடித்ததும் அலமேலுவிடம், "துணிமணிய எடுத்துக்கம்மா" என்றார். ஒரு பூவாவது பூத்து, இதுவும் ஒரு தொழில்தான் என்று தெரிகிற வரைக்கும் மகள் தன்னிடம் இருப்பாளாம். வைகாசி முடிவதற்குள் பூக்காவிட்டால், சீராகக் கொடுத்த பாத்திரங்களையும் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். சீர்ப் பாத்திரம் திரும்பிப் போனால் பெண்ணும் திரும்பி வரமாட்டாள் என்று அர்த்தம். அலமேலு ஒரு வார்த்தை பேசாமல் துணியை மூட்டை கட்டினாள். அவள் பேசாமல் போனது அப்பாவுக்குப் பயந்தா, என்மேல் வெறுத்துப்போயா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. வாசற்படி இறங்கும்போது மாமனார் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"ஏரியில சும்மா கெடக்கறத தொட்டியில போட்டு விக்கிறேங்கிறீங்களே மாப்ளே, நாளைக்குக் காக்காயப் புடிச்சுக் கூண்டுல போட்டு விப்பீங்களா?"

எருமை மிதித்த தரை

மலையடிவாரத்து மண் சரளை மண். ஊற்றிய தண்ணீர், ஊற்றியவன் திரும்புவதற்குள் காணாமல் போய்விடும். அதனால் குழியின் அடியில் ஒரு முழம் கனத்துக்கு ஏரிக் களிமண்ணைப் பரப்பி, நனைத்து, இடுக்கில் காற்று நிற்காமல் மிதித்து இறுக்க வேண்டும். மனிதக் கால் இதற்குப் போதாது. எருமை மிதிக்க வேண்டும். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்ட கருப்பண்ணன் இதற்கு ஒப்புக்கொண்டான். வாய் ஓயாத ஆள். பொய் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே தனக்குத்தானே சிரித்து மாட்டிக்கொள்வான். அன்று சேர்ந்தவன், இன்றுவரை எனக்கு அவன்தான் கூட்டாளி.

படத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நடுவில் ஆழம், தாமரைக்கு. தாமரைக் கிழங்கு கண்டபடி ஓடுகிற ஜாதி. சுற்றிச் செங்கல் வளையம் வைக்காவிட்டால் ஒரே வருஷத்தில் குளம் முழுவதையும் தன் பேருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். ஓரத்தில் படி மாதிரி ஒரு மேடை. முழங்கால் தண்ணீரில் கோரை, கணுக்கால் தண்ணீரில் வல்லாரை, பொன்னாங்கண்ணி. எருமைகளுக்குப் படம் புரியவில்லை. மேடையை மிதித்துச் சரித்தன. மறுபடி கட்டினேன், மறுபடி சரித்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேலை முடிந்ததும் அவை வெளியே வர மறுத்ததுதான் பெரிய கூத்து. வாலை முறுக்கினோம், புல்லைக் காட்டினோம், கெஞ்சினோம். கழுத்து வரை சேற்றில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஜமீன்தார் மாதிரி படுத்திருந்தன. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கருப்பண்ணன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னான்:

"எருமைக்குப் புடிச்சுப் போச்சுங்க சாமி. இனி மனுசங்களுக்குப் புடிக்கறதுதான் பாக்கி."

இலை மட்டும்

எங்கள் சுற்றுவட்டாரத்தில் தாமரை இருந்த ஏரி கிடையாது. கெங்கவல்லி ஏரியிலிருந்து, மாமனார் கண்ணில் படாமல், ஒரு சாக்கில் கிழங்கு கொண்டுவந்து தை மாதத்தில் நட்டேன். மாசியில் இலை வந்தது. வட்ட வட்டமாகத் தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது. பங்குனியிலும் இலை. சித்திரையிலும் இலை. கோரை ஆள் உயரம் போயிற்று, பொன்னாங்கண்ணி கரையேறித் துணி துவைக்கிற கல்வரைக்கும் வந்தது. தாமரைக்கு மட்டும் அவசரம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. கிணற்றுக்குப் போகிற பெண்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்னங்க, ஆச்சா?" என்று பிரசவ வீட்டில் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டுப் போவார்கள்.

மாதிரியைப் பார்க்க வந்த முதல் ஆள், செவ்வாய்ப்பேட்டை நூல்கடை முதலியார். நெசவுக் குடும்பத்தில் பிறந்து மொத்த வியாபாரத்தில் உயர்ந்தவர். புதிதாகக் கட்டிய வீட்டின் பின்கட்டில் தாமரைக் குளம் இருந்தால் லட்சுமி வந்து உட்காருவாள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். குடையை ஊன்றிக்கொண்டு குளத்தைச் சுற்றிவந்தார். நான் ஆழத்தை விளக்கினேன், சரிவை விளக்கினேன், களிமண்ணின் கனத்தை விளக்கினேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாக 'ம்' கொட்டினார். கடைசியில் ஒரு இலையைக் குடை நுனியால் தூக்கிப் பார்த்துவிட்டு, பூத்தபிறகு சொல்லி அனுப்பும்படி சொன்னார். வண்டி ஏறுவதற்கு முன்னால் நல்ல மனசோடு ஒரு யோசனையும் கொடுத்தார்:

"இலை நல்லா அகலமா இருக்கு தம்பி. பேசாம சாப்பாட்டுக் கடை வெச்சுருங்க."

வைகாசி முடிவதற்குள்

வைகாசியும் முக்கால்வாசி போய்விட்டது. பூ இல்லாமலே முதலியாரை எப்படியாவது மசிய வைக்கலாம் என்று ஒரு நாள் விடிந்ததுமே செவ்வாய்ப்பேட்டைக்கு நடந்து போனேன். நூல் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் என்னைத் தவிர எல்லோரிடமும் பேசினார். வெயில் உச்சிக்கு ஏறியபோது திரும்பி வந்தேன்.

வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. எங்கள் குத்துவிளக்கும் தவலையும் குடங்களும் அதில் ஏறியிருந்தன. வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற கருப்பண்ணன், "உள்ள போங்க சாமி, உள்ள போயிப் பாருங்க" என்றான். கொல்லையில் மாமனார் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். பக்கத்தில் அலமேலு. கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், தண்ணீரில் படுத்த இலைகளுக்கு நடுவே, சிவப்பாக ஒரு தாமரை நேராக நின்றது. மதியமாகிவிட்டதால் இதழைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டிருந்தது.

அலமேலு நடந்ததைச் சொன்னாள். காலை பஸ்ஸில் அப்பாவும் அவளும் சேலத்தில் வந்து இறங்கினார்களாம். அப்பா வாசலில் வண்டிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அண்டாவைக் கழுவ அவள் கொல்லைக்கு வந்தாளாம். வரும்போதே பூத்திருந்ததாம். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, பூவைத்தான் பார்த்தாள். அதில் ஒன்றும் எனக்குத் தப்பாகப் படவில்லை. நானும்தான் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமனாரின் முகத்தில் சந்தோஷமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிவிட்டு மகளிடம் சொன்னார்:

"பூத்துத் தொலைச்சிருக்கு. பாத்திரத்த எறக்கி உள்ள வைம்மா."

போகிப் பண்டிகை

கருப்பண்ணன் செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடிப்போய் முதலியாரை அன்று சாயங்காலமே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். அவர் பூவைப் பார்த்தார், கும்பிட்டார், குளத்துக்குச் சம்மதம் சொன்னார். மறுநாள் நான் எழுந்து வருவதற்குள், முதல் பூ சாமிக்குத்தான் என்று அலமேலு அதைத் தண்டோடு எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டாள். எனக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை.

முதலியார் வீட்டுக் குளம் நன்றாகவே வந்தது. அவர் வீட்டார் கொஞ்சம் சுத்தக்காரர்கள் என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை. பொங்கலுக்கு மறுநாள் மரியாதைக்காக அவர் வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் என் குளம் வெள்ளைவெளேரென்று நின்றது. போகியன்று வீட்டை ஒழுங்குபடுத்திய கையோடு குளத்தையும் இறைத்து, அடியில் எருமை மிதித்த களிமண்ணைச் 'சேறு' என்று வாரித் தெருவில் கொட்டி, உட்புறம் முழுவதும் சுண்ணாம்பு அடித்து, விளிம்பில் காவிப் பட்டை தீட்டி, நடுவில் ஒரு கோலமும் போட்டிருந்தார்கள். தாமரைக் கிழங்கும் கோரையும் பழைய பாய்களோடு போகி நெருப்பில் போய்ச் சேர்ந்திருந்தன. களிமண்ணை ஏன் வாரினீர்கள் என்று கேட்டேன். முதலியார் கொஞ்சமும் கலங்கவில்லை. பெருமையாகவே கேட்டார்:

"வூடு பூரா வெள்ளையடிச்சுட்டு, லட்சுமி உக்கார்ற எடத்த மட்டும் சேறா விட முடியுமா தம்பி?"

ராவுத்தர் வீட்டு அல்லி

சேலத்தில் தோல் மண்டி வைத்திருந்த ஒரு ராவுத்தர் பகல் முழுக்க மண்டியிலேயே கிடப்பவர். ராத்திரி இஷா தொழுகை முடித்து வீட்டுக்கு வந்தால்தான் தன் முற்றத்தையே பார்ப்பார். அவருக்குத் தாமரை வைப்பது வீண். அது மத்தியானத்துக்குள் கடையைக் கட்டிவிடும். அதனால் இருட்டியபிறகு விரிகிற வெள்ளை அல்லியாகப் பார்த்து வைத்துக் கொடுத்தேன். ஆளின் பொழுதைப் பார்த்துச் செடி வைக்க வேண்டும் என்கிற இந்த யோசனையில் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு.

முதல் மழை பெய்ததும் ராவுத்தர் ஆள் அனுப்பினார். போனால், கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். ஊரில் உள்ள தவளை எல்லாம் அவர் முற்றத்துக்குக் குடிவந்திருந்தன. தவளையை நான் கொண்டுவந்து விடவில்லை, தண்ணீர் இருந்தால் அது தானாக வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் எழுந்துபோய்க் குளத்தைக் காட்டிச் சொன்னார்:

"பூவும் ராத்திரிதான் வாயத் தொறக்குது, தவளையும் ராத்திரிதான் வாயத் தொறக்குது. நான் எதுக்காகக் குளம் கட்டுனேங்கறத அதுங்ககிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க."

வல்லாரையின் குணம்

நாமக்கல்லில் ஒரு நாட்டு வைத்தியர், ஞாபக சக்திக்கு லேகியம் கிண்டுகிறவர். வல்லாரையும் நீர்ப்பிரம்மியும் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும் என்றார். ஆழமே இல்லாமல், கால் நனைகிற அளவுக்கு ஒரு நீண்ட குளம் வெட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கொடுத்தேன். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி வந்தது.

அடுத்த தடவை போனபோது குளம் மொட்டையாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து எருமை வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து, ஞாபக சக்தி முழுவதையும் ஒரே நாளில் மேய்ந்துவிட்டிருந்தது. எருமைகளோடு எனக்கு ஏதோ பூர்வஜன்மத்துத் தொடர்பு இருக்கிறது. வைத்தியரிடம் வருத்தம் தெரிவித்தேன். அவர் லேகியத்தைக் கிண்டுவதை நிறுத்தாமல் சொன்னார்:

"மருந்து நல்லாவே வேலை செய்யுதுங்க. மறுநாளும் அதே நேரத்துக்கு மறக்காம வந்துருச்சு."

மீனும் கொசுவும்

அதே ஊரில் சுகாதாரம் பார்க்கிற ஒரு அதிகாரி, நான் கட்டுகிற ஒவ்வொரு குளத்துக்கும் மண்ணெண்ணெய் டின்னோடு வந்து நிற்பார். நின்ற தண்ணீர் என்றால் கொசு, கொசு என்றால் காய்ச்சல், அதனால் எண்ணெய் ஊற்றியே தீர வேண்டும் என்பது அவர் கட்சி. நான் ஏரிக் கெண்டைக் குஞ்சுகளைக் காட்டி, கொசுப் புழுவை இவை தின்றுவிடும், எண்ணெய் ஊற்றினால் மீனும் சாகும் செடியும் சாகும் என்று வாதாடுவேன். ஒரு நாள் வெகுநேரம் குனிந்து மீன்களைப் பார்த்தார். அவர் மனம் மாறுகிறது என்று நினைத்தேன். நிமிர்ந்தார், தன் கழுத்தில் ஒன்று அறைந்துகொண்டார், உள்ளங்கையில் நசுங்கிய கொசுவை என்னிடம் நீட்டினார்:

"தின்னுடும்னு நீங்க சொல்றீங்க, சரி. இதுக்கு யாருமே சொல்லலையே!"

நிமிர்ந்த இலை

இப்படியே வருஷங்கள் போயின. குளம் குளமாகத் திட்டு வாங்கியதில் தாமரையைப் பற்றி ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. தாமரை முதலில் விடுகிற இலையெல்லாம் தண்ணீரில் படுக்கிற இலை. கிழங்கு சேற்றுக்குள் பலம் பிடித்தபிறகுதான், தண்ணீரை விட்டு மேலே, குடை விரித்த மாதிரி நிமிர்ந்து நிற்கிற இலையை விடும். அந்த நிமிர்ந்த இலைக்குப் பக்கத்தில்தான் மொட்டு கிளம்பும். படுத்த இலையை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தாமரையும் பூப்பதில்லை.

ராசிபுரத்தில் தறி வைத்து நடத்துகிற ஒரு வாடிக்கைக்காரர் இருந்தார். தன் குளம் எப்போது பூக்கும் என்று, போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்வார். ஒரு நாள் அவரைக் கரையில் நிறுத்தி, நான் கற்றதை எல்லாம் வாத்தியார் மாதிரி சொன்னேன். இலை எழுந்து நிற்கட்டும், பிறகு பூவைக் கேளுங்கள். அதற்கு முன்னால் பிரம்மாவே வந்தாலும் பூக்க வைக்க முடியாது என்றேன். அவர் ஒப்புக்கொண்டு தலையாட்டினார். பிறகு, குற்றம் சொல்கிற நினைப்பே இல்லாமல், நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"அப்ப உங்க ஊட்டுக் குளத்துல மட்டும் எப்படிங்க பூத்துச்சு? நூல்கடை மொதலியார் சொன்னாரே, எல்லாம் படுத்த எல, நடுவால ஒத்தப் பூவுன்னு."

ஒத்தப் பூ

அன்றைக்கு ராசிபுரத்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வெகுதூரம் நடந்தேன். ஏறி மிதிக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. எங்கள் குளத்தில் இலை நிமிர்ந்தது அந்த வருஷம் ஆடியில். அதற்குப் பிறகு வந்த பூவை, இரண்டாவது பூ என்று ஊருக்கெல்லாம் சுண்டல் கொடுத்துக் கொண்டாடியது ஞாபகம் வந்தது. தொழில் தெரியத் தெரிய, என் முதல் வெற்றி பொய்யாகிக்கொண்டு வருகிறது. அன்பர்களே, உங்களில் யாருக்காவது இப்படி ஒரு லாபம் வந்ததுண்டா?

முதலில் கருப்பண்ணன்மேல்தான் சந்தேகப்பட்டேன். மாமனாரை ஏமாற்ற அவன் எங்கிருந்தாவது ஒரு பூவைக் கொண்டுவந்து சேற்றில் செருகியிருக்கலாம். எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்தவனிடம் நேராகவே கேட்டேன். அவன் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். கூர்ந்து கவனித்தேன், சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால் அவன் சொன்னது உண்மைதான்:

"ஏனுங்க, நான் வெச்சிருந்தா ஒத்தப் பூவா வெப்பனுங்க? உங்க மாமனாரு மயங்கி உளுகறாப்புல ஒரு கூடை வெச்சிருக்க மாட்டனா?"

கேள்வி

கருப்பண்ணனை விட்டால் மிச்சம் ஒரே ஆள்தான். அவளிடம் கேட்பதற்கு எனக்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின. பூவை வைக்கவில்லை என்று அவள் சொன்னால், நான் ஊர் ஊராகச் சொல்லுகிற தாமரைச் சாஸ்திரம் தப்பு. வைத்தேன் என்று சொன்னால், என் தொழில் பிறந்தது ஒரு செருகல் பூவில். இரண்டில் எது வந்தாலும் என் மரியாதைக்கு நஷ்டம். இப்படியே என் மரியாதையைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தவனுக்கு, வேறொன்று வெகு தாமதமாகத்தான் உறைத்தது. பேசாமல் துணியை மூட்டை கட்டிக்கொண்டு போனாளே, அவள் என்னை வெறுத்துப் போயிருந்தால் பாத்திரத்தைக் கழுவி வண்டியில் ஏற்றிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதானே? பூவுக்கு அங்கே என்ன வேலை?

மாமனார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. இனி உண்மை வெளியே வந்தாலும் அண்டாவை எடுத்துப்போக யாரும் வரப்போவதில்லை. யுத்த காலத்துப் பஞ்சத்தில் அலமேலு எங்கள் குளத்தின் மேடையிலிருந்த கோரையை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பொன்னாங்கண்ணியை விட்டுவிட்டாள். இப்போது அது பாதி குளம், பாதி சமையலறை. போன மாதம் ஒரு காலை துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். குளத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடி குளத்தைப் பார்த்தேன்.

"என்ன, எதையோ முழுங்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள். "ஒண்ணு, வாயத் தெறந்து கேளுங்க. இல்லேன்னா உக்காந்து இந்தக் கீரைய ஆயுங்க."

உண்மையா பொய்யா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன், ஆனால் இத்தனை வருஷம் குளம் கட்டிக் கெட்டுப்போன புத்தியிலிருந்து வெளியே வந்தது ஒரு தொழில்காரன் கேள்விதான்: "கெங்கவல்லியிலேருந்து இங்க வரைக்கும் பஸ்ஸுல உங்கப்பா பக்கத்துலயே உக்காந்து வந்தியே அலமேலு, அந்தப் பூவ வாடாம எப்படிக் கொண்டாந்தே?"